காரைக்குடி நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, உள்ளூர்க் கைவினைஞர்களுக்கும் உதவுகிற மாதிரி என்ன வரவேற்புப் பரிசு கொடுக்கலாம்?

வருஷத்துக்கு அறுபது பேர் சேர்கிறார்கள், பிளாஸ்டிக் கூடாது, லோகோ இருக்க வேண்டும், செலவழிக்கிற பணம் முடிந்தவரை செட்டிநாட்டுக்குள்ளேயே தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். துணிப்பை, பனையோலைக் கொட்டான், எவர்சில்வர் டப்பாவில் பலகாரம், தண்ணீர் பாட்டில். இந்த நான்கு போதும். சாவிக்கொத்து, டைரி, ஸ்டிக்கர் எல்லாம் பெட்டியை நிரப்பிக் காட்டத்தான் உதவும். ஒரு மாதத்தில் மேஜை டிராயருக்குள் போய்விடும். நட்டால் செடி முளைக்கும் என்று விற்கிற விதைப் பேனாவையும் விட்டுவிடுங்கள். ஈரமும் வெக்கையும் பட்ட விதை சீக்கிரமே முளைப்புத் திறனை இழக்கும். உள்ளே இருக்கும் ரீஃபில் எப்படியும் பிளாஸ்டிக்தான்.

கொட்டானிலிருந்து ஆரம்பிக்கலாம். நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் சீர் வைக்கிற கூடை அது, இந்த ஊர்ப் பொருள் என்று அரசு தரும் புவிசார் குறியீடும் பெற்றது. வெறும் அலங்காரப் பொருளாக நினைத்து ஆர்டர் போடுவதால்தான் பிரச்சினை வருகிறது. குருத்தோலையைக் கிழித்து, சாயத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நிழலில் உலர்த்திப் பின்னுவார்கள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும், அரைகுறையாக உலர்ந்த ஓலையில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலை உலரவே உலராது. ஆகவே வருஷம் முழுவதற்கும் தேவையானதைக் கோடையிலேயே பின்னச் சொல்லி வாங்கி வையுங்கள். அறுபது பேர் என்றால் அறுபத்தாறு. சேதத்துக்கும் திடீரென்று வந்து சேர்பவர்களுக்கும் அந்த ஆறு. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், காற்றுப் புகாவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காகிதம் சுற்றி, தரையில் படாமல் அலமாரி மேல் தட்டில் வைத்தால் போதும்.

வாங்கும்போது ஈரமான வெள்ளைத் துணியால் கொட்டானின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சாயம் சரியாக ஏறவில்லை, திருப்பிக் கொடுங்கள். நிறம் ஒட்டாவிட்டாலும் பலகாரம் நேராக ஓலையில் படக் கூடாது. அப்புறம் லோகோ. பின்னலின் மேல் பிரிண்ட் நிற்காது. ஓலை வளையும்போது மை உதிரும். நிறுவனத்தின் நிறங்களில் இரண்டைச் சாயமாகச் சொல்லுங்கள், பெயரை ஒரு சின்னத் துணி அட்டையில் அச்சிட்டு விளிம்பில் கட்டச் சொல்லுங்கள். அதுவே மரியாதையாக இருக்கும். எல்லாப் பொருளையும் கொட்டானுக்குள் திணிக்கவும் பார்க்காதீர்கள். பாட்டில் கொள்கிற அளவுக்குப் பெரிதாகக் கேட்டால் கூலி ஏறும், மேஜையிலும் இடம் அடைக்கும். ஆறு அங்குலக் கொட்டான் என்றால் பேனா, சார்ஜர் வயர் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

துணிப்பைக்குக் காடாத் துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. கடையில் ‘துணிப்பை’ என்றே விற்கிற நான்-வோவன் பை உண்மையில் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்; தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் துளி கிள்ளி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாகும், இது உருகிச் சொட்டும்.

அளவு இப்படி. தைத்து முடித்த பை 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம் என்றால், 15 அங்குல அகலமும் 35 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டை அடியில் மடித்துத் தைக்கலாம். அடியில் மூட்டு இல்லாததால் பாரம் தாங்கும். 48 அங்குலக் காடா துவைத்தபின் ஏறக்குறைய 45 ஆகச் சுருங்கும், குறுக்கே சரியாக மூன்று பை. பைக்கு இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றும் 22 அங்குல நீளம், 3 அங்குல அகலம். ஒரு வரிசைக்கு இரண்டு வெட்டலாம் என்பதால் மூன்று பைக்கு இன்னும் 9 அங்குலத் துணி. ஆக மூன்று பைக்கு 44 அங்குலம். நீளவாட்டுச் சுருக்கமும் கழிவும் சேர்த்து அறுபது பைக்கு 25 மீட்டர் எடுங்கள். முதலில் துவைக்க வேண்டும், பிறகு வெட்டி, அச்சடித்து, கடைசியில் தைக்க வேண்டும். அவசரத்தில் துவைக்காமல் அச்சடிப்பவர்கள்தான் அதிகம். காடாவில் கஞ்சியும் இயற்கை மெழுகும் இருக்கும், மை அதன் மேல் உட்கார்ந்து முதல் சலவையிலேயே போய்விடும். தண்ணீர் சார்ந்த பிக்மென்ட் மையும் அச்சடித்தபின் சூடு காட்டினால்தான் பிடிக்கும். அச்சுக்காரரிடம் ஒரு மாதிரிப் பை வாங்கி மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.

லோகோ ஒரே நிறத்தில், மூலையில், உள்ளங்கையை விடச் சின்னதாக இருக்கட்டும். நெஞ்சளவு லோகோ போட்ட பையைத் தூக்கிக்கொண்டு யாரும் சந்தைக்குப் போவதில்லை. வருஷத்தையும் பதவியையும் அச்சிடாதீர்கள். மிச்சமானது அடுத்த வருஷம் குப்பை.

பலகாரத்தில் தேன்குழல், சீப்புச் சீடை, மகிழம்பூ முறுக்கு இவை நின்று தாங்கும். அதிரசம் ருசிதான், ஆனால் பாகில் ஈரம் கொஞ்சம் கூடினாலும் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். சேர்கிற நாளைக்கு இரண்டு நாள் முன்னால் சுட்டுக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். பொரித்த பலகாரம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய எண்ணெய். சிக்கு வாடை வந்தபின் டப்பாவை எப்படி மூடினாலும் பயனில்லை. சூடு ஆறுமுன் மூடினாலும் உள்ளே வியர்த்து நமத்துப்போகும். இறுக மூடுகிற அரைக் கிலோ எவர்சில்வர் டப்பாவில் வெண்ணெய்க் காகிதம் விரித்து நிரப்பினால் பிளாஸ்டிக் பையே தேவையில்லை, டப்பாவும் வீட்டில் தங்கும். செய்பவர் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்திருக்க வேண்டும். பதிவு எண், சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எதற்குள் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் லேபிளில் வேண்டும். கடலை, எள், நெய் இருந்தால் அதையும் தெளிவாகப் போடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. பலகாரத்தை மட்டும் மொத்தமாக வாங்காமல் மாதாமாதம் வாங்குங்கள்.

பாட்டில் உள்ளூரில் செய்வதில்லை, வெளியில்தான் வாங்க வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்ற நல்ல ரக ஸ்டீல் என்று விற்பனையாளர் காட்டுவார். விலை குறைந்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆகவே சோதனைச் சான்று கேளுங்கள். பெயரை லேசரில் பொறிக்கச் சொல்லுங்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைப் பரிசாகக் கொடுக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். எட்டு அங்குலக் கல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். நாலு அங்குலத்தில் டம்ளர் வைக்கும் தட்டாகச் செய்தாலும் கனம்தான், அதோடு சிமென்ட் என்பதால் எலுமிச்சை, தயிர் பட்டால் பளபளப்பு போய்க் கறை விழும். வெளியூரிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கூரியரில் அனுப்பினால் மூலை உடைந்து போய்ச் சேரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கி, அதாவது கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி, பரவாயில்லை. சேலையாக வேண்டாம், நோட்டு உறையாகவோ மேஜை விரிப்பாகவோ கேளுங்கள். நெசவாளர் தறியில் ஒரு பாவு (நீளவாட்டு நூல்) போட்டால் அது முடியும்வரை அதே கட்டம்தான் ஓடும்; பத்து நோட்டுக்கு என்று தனி நிறம் கேட்பது அவருக்கு நஷ்டம். முழுப் பாவுக்கும் ஆர்டர் கொடுக்க முடிந்தால் மட்டும் பேசுங்கள்.

கொட்டான் பின்னுகிற மகளிர் குழுக்களைத் தேடுகிறவர்கள் சிவகங்கையில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். அடுத்த தடை உங்கள் கொள்முதல் பிரிவிலேயே இருக்கும். ஜிஎஸ்டி எண் இல்லாத குழுவை விற்பனையாளர் பட்டியலில் ஏற்றமாட்டார்கள், நடுவில் ஒரு பரிசுப் பொருள் ஏஜென்ட் நுழைவார், பின்னுகிற கைக்குப் போகவேண்டியதில் பெரும்பங்கை அவர் எடுத்துக்கொள்வார். பதிவு வரம்புக்குக் கீழே விற்பவருக்கு எண் கட்டாயமில்லை என்பதைக் கணக்குப் பிரிவுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். குழுவிடம் ஓலை, சாயம் வாங்க முதல் இருக்காது. பாதிப் பணம் முன்பணம், மீதி சரக்கு வந்த ஒரு வாரத்தில். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் உச்சவரம்பு. அதுவரை இழுத்தால் அவர்கள் வட்டிக்கு வாங்கித்தான் அடுத்த ஆர்டரைத் தொடுவார்கள்.

இந்தச் செலவை சிஎஸ்ஆர் (நிறுவனத்தின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாமா என்று மேலிடத்தில் கேட்பார்கள். முடியாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதை அந்த விதிகள் ஏற்பதில்லை. இலவசப் பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவும், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகையும், கிடைக்காது, ஆகவே பட்ஜெட் போடும்போது வரி சேர்த்த விலையையே போடுங்கள்.