நாயகி எப்போது ‘எனக்கு’ என்பாள்? சீரியல் வசனம் பற்றிக் கேள்வி பதில்

பதினோரு ஆண்டுகளாகத் தமிழ்த் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறேன். சொந்தக் காலில் நிற்கும் பெண்களைச் சின்னத்திரை எப்படிப் பேசவைக்கிறது என்று நீங்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும் நாயகிகள் இத்தனை பேர் வந்த பிறகும் எல்லாரும் ஏன் ஒரே மாதிரி பேசுகிறார்கள்?

பதில்: அவள் சம்பாதிக்கலாம், தனக்காகச் சம்பாதிப்பதாகச் சொல்லக் கூடாது. 2003 முதல் 2009 வரை சன் டிவியில் வந்த ‘கோலங்கள்’ அபி கட்டுமானத் தொழில் நடத்தியவள். தம்பி தங்கைகளின் பாரமும் அவள் தோளில்தான். அந்தப் பாரம்தான் அவளுடைய உழைப்புக்கு அனுமதிச் சீட்டு. ‘எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது’ என்ற வாக்கியத்தை நாங்கள் வில்லியிடம் கொடுத்துவிடுகிறோம். ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். ‘எனக்கு வேண்டும்’ என்பவள் பெரும்பாலும் வில்லியாக இருப்பாள். நாயகி ‘குடும்பத்துக்கு’, ‘பிள்ளைகளுக்கு’ என்பாள். நான்காம் வேற்றுமையிலேயே நல்லவள் யார், கெட்டவள் யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ‘எதிர்நீச்சல்’ பெண்களுக்கான தொடர். அதில் வீட்டுப் பெண்களை அதட்டும் ஆதி குணசேகரனின் பேச்சுதான் ஊரெல்லாம் பரவியது. இது சரியா?

பதில்: திருசெல்வம் இயக்கி 2022இல் தொடங்கிய தொடர் அது. 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து காலமாகும்வரை அந்தப் பாத்திரத்துக்கு அவர் கொடுத்த உயிர் அபாரமானது. ‘இந்தாம்மா ஏய்’ என்ற விளியைப் பாருங்கள். அதில் பெயரே இல்லை. கூப்பிடப்படுகிறவளுக்குத் தனி முகம் தேவையில்லை என்று நினைக்கும் மனிதன் அப்படித்தான் கூப்பிடுவான். எழுதியவருக்கு அப்படிப்பட்ட வீடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. என் குறை வேறு. அதட்டுபவனுக்குத் தாளத்தைக் கொடுத்துவிட்டு, எதிர்த்து நிற்கும் பெண்களுக்கு விளக்கவுரையைக் கொடுக்கிறோம். தாளம்தான் வாயில் ஒட்டும்.

கேள்வி: பக்கம் பக்கமாக வீரவசனம் இல்லாமல் எழுத முடியாதா?

பதில்: முடியும். ஒருமுறை, வங்கியில் வேலை பார்ப்பவள் இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் காட்சி ஒன்று எழுதினேன். ‘இப்போதுதான் வீட்டுக்கு வழி தெரிந்ததா?’ என்கிறாள் மாமியார். முதலில் எழுதியதில் மருமகள் ஒன்றரைப் பக்கம் பேசினாள். இரவெல்லாம் அது உறுத்தியது. மறுநாள் கிழித்துப் போட்டுவிட்டு இப்படி எழுதினேன்: ‘ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம், அத்தை. நாளைக்கும் இப்படித்தான் ஆகும்.’ சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொள்கிறாள். அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டைக்கும் நிற்கவில்லை. ‘நாளைக்கும்’ என்பதில் உள்ள அந்த ‘உம்’தான் காட்சியின் உயிர். தயாரிப்புத் தரப்பு இரண்டு சொட்டுக் கண்ணீர் வேண்டும் என்றது. கண்ணீரோடுதான் ஒளிபரப்பானது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

கேள்வி: கணவன் துரோகம் செய்த பிறகுதான் பெண் நிமிர வேண்டுமா?

பதில்: வங்கத்தில் ‘ஸ்ரீமொயீ’, இந்தியில் ‘அனுபமா’, தமிழில் ‘பாக்கியலட்சுமி’. மூன்றும் ஒரே கதை: வீட்டுக்கே உழைத்த மனைவி, வேறொருத்தியை நாடும் கணவன், பிறகு இவளுடைய எழுச்சி. நடுத்தர வயதுப் பெண்ணை நாயகியாக்கியதற்காக இந்தக் கதையை மதிக்கிறேன். ஆனால் அடிபடாத ஒருத்தி, மனமொத்த கணவனிடமே ‘இது என் முடிவு’ என்று சொல்வது இதைவிடக் கடினமான காட்சி. அதை எழுதத்தான் நமக்குத் தைரியம் வரவில்லை.

கேள்வி: பெண்களே வசனம் எழுதினால் மாறுமா?

பதில்: ஓரளவு மாறும். நாளைய படப்பிடிப்புக்கு இன்று இரவே தாள் போக வேண்டும் என்ற அவசரத்தில், யார் எழுதினாலும் பழகிய வாக்கியம்தான் முதலில் வந்து நிற்கும்.

கேள்வி: புதிதாக எழுத வருகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: மற்ற சீரியல்களைப் பார்த்து எழுதாதீர்கள். வெளியே போய்க் காது கொடுங்கள். அண்மையில் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கோபமில்லாத குரல். ‘சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் வர ஒரு மணி நேரமாகும், வாசலில் உட்கார்ந்திருங்கள்’ என்றாள். இறங்கியதும் என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இன்னும் எந்தக் காட்சியிலும் அது சேரவில்லை, இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.