−3 − (−5): எண்கோட்டில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் எண்கோடு காட்டி முழுக்கள் நடத்துகிறேன். கூட்டல் புரிகிறது. −3 − (−5) வந்தால் பாதிப் பேர் −8 என்கிறார்கள். என்ன செய்யலாம்? சார்புகளுக்கும் இதே எண்கோடு உதவுமா?

பதில்: எண்ணை வெறும் புள்ளியாகக் காட்டினால் இடம் மட்டுமே தெரியும். எந்தப் பக்கம், எத்தனை அலகு என்று காட்ட அம்புக்குறி வேண்டும்.

−10 முதல் 10 வரை ஓடும் இரண்டு ஸ்லைடர் (இழுத்து எண்ணை மாற்றும் பட்டை) போடுங்கள். படி அளவு தானாக 0.1 என்று வரும். அதை 1 ஆக்காவிட்டால் இழுக்கும்போது 2.7இல் போய் நிற்கும். கூட்டலுக்கு முதல் அம்பு 0இல் தொடங்க, அதன் நுனியில் இரண்டாவது தொடங்கட்டும். இரண்டையும் கோட்டின் மேலேயே வரைந்தால் 5 + (−3) போடும்போது ஒன்றை ஒன்று மறைக்கும். ஒன்றை 0.5 உயரத்திலும் மற்றதை 1 உயரத்திலும், வேறு வேறு நிறத்தில் வையுங்கள்.

கழித்தலுக்கு இந்த அமைப்பு வேண்டாம். 'திரும்பி நில், பின்னால் நட' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு; எந்தக் குறிக்குத் திரும்புவது, எதற்குப் பின்னால் போவது என்பதிலேயே பிள்ளைகள் குழம்புவார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கழிக்கும் எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு எப்படிப் போவது? 5 − 2 என்றால் 2இலிருந்து 5க்கு, வலப்பக்கம் 3. 2 − 5 என்றால் 5இலிருந்து 2க்கு, இடப்பக்கம் 3; விடை −3. இந்த இரண்டும் பழகியபின் −5இலிருந்து −3க்குப் போகச் சொல்லுங்கள். வலப்பக்கம் 2; விடை 2. அம்பு எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை ஸ்லைடரைத் தொடுமுன் நோட்டில் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் இழுத்து விளையாடுவதோடு சரி.

விடை எப்போதும் ஒன்று பிசகினால், இடைவெளிகளை விட்டுவிட்டு எண்களைக் குறிக்கும் சிறு கோடுகளை எண்ணுகிறார்கள் என்று பொருள்.

ஓர் எண்ணை வாங்கி இன்னோர் எண்ணைத் தரும் விதிதான் சார்பு; அதற்கும் எண்கோடு தாராளமாக உதவும். ஒரே அளவுகோலில் இரண்டு எண்கோடுகளை 4 அலகு இடைவெளியில் மேலும் கீழுமாக வையுங்கள். கீழே உள்ளீடு, மேலே வெளியீடு, இரண்டையும் இணைக்க ஒரு கோட்டுத்துண்டு. அதற்குச் சுவடு (நகரும் இடமெல்லாம் தடம் விடும் வசதி) போட்டுவிட்டு ஸ்லைடரை நகர்த்துங்கள். 'எக்ஸ் + 3' என்றால் துண்டுகள் எல்லாம் இணையாக விழும். '2எக்ஸ் + 1' விசிறிபோல விரியும். நீட்டிப் பார்த்தால் கீழ்க்கோட்டின் −1க்கு நேர் கீழே 4 அலகில் எல்லாம் கூடும். 'எக்ஸ்' வர்க்கத்தில் 2, −2 இரண்டும் 4க்கே போகும். அதற்கு மட்டும் ஸ்லைடரை −3 முதல் 3 வரை குறையுங்கள்; 10 வரை விட்டால் வெளியீடு 100ஐத் தொட்டுத் திரைக்கு வெளியே போய்விடும்.