கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கைப்பேசியே கதி என்று கிடந்தவனை, பக்தியும் நல்ல சிநேகிதமும் கிடைக்கட்டும் என்று நான்தான் எங்கள் பங்கில் உள்ள இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் சேர்த்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஜெபமாலைகூடச் சொல்வதில்லை, பங்குத்தந்தையும் பெரும்பாலும் கூட இருப்பதில்லை. சென்ற மாதம் குழுவில் ஒரு பையனின் அப்பா இறந்துவிட்டார். சுமை தூக்கும் தொழிலாளி. இவன் இரண்டு நாள் அந்த வீட்டிலேயே இருந்து நீட் பயிற்சி வகுப்பைக் கோட்டைவிட்டான். எங்களிடம் சொல்லாமல் ஐந்து கிலோ அரிசியும் எடுத்துப் போயிருக்கிறான். அவர்களுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து கிடையாது. வீடு எங்கே என்றுகூடத் தெரியாது. பிளஸ் டூ முடியும்வரை அவனைக் குழுவிலிருந்து நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பிள்ளை கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான் என்று அழுகிற கடிதங்கள் எனக்கு மூட்டையாக வருகின்றன. கோயிலுக்குப் போன பிள்ளை அங்கே கேட்டதைச் செய்துவிட்டான் என்று புகார் சொல்லும் கடிதமும் அவ்வப்போது வரும். உங்களுடையது அந்த இரண்டாவது வகை.

நீட் வகுப்பை விடுங்கள். போன பாடத்தை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அரிசிக்கு வருகிறேன்.

திருட்டுப் புத்தி உள்ள பையன் அரிசியையா தூக்குவான்? உங்கள் கைப்பையைத் திறந்திருப்பான். ஐந்து கிலோவைத் தெருவில் எல்லோரும் பார்க்கச் சுமந்துகொண்டு போனவன் உங்களுக்கு மட்டும் மறைத்திருக்கிறான். சொல்லாமல் எடுத்தது தவறு, அதற்காக அவனைக் கண்டியுங்கள். ஆனால் அதற்கு முன் எனக்குப் பதில் சொல்லுங்கள். அவன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? "அவர்கள் யார், நமக்கு என்ன பழக்கம், வகுப்புக்கு நேரமாகிறது, கிளம்பு" என்று சொல்லியிருக்க மாட்டீர்களா? பதினாறு வருடம் உங்கள் கையால் சாப்பிட்டவன். உங்கள் பதில் அவனுக்கு மனப்பாடம். அதனால்தான் கேட்கவில்லை.

போக்குவரத்து கிடையாது என்கிறீர்கள். கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். சாவுக்குக் காதில் விழுந்தாலே போக வேண்டும் என்றுதான் என்னை வளர்த்தார்கள், அதை நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே பங்கு, ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். கோயிலில் துக்க மணி அடித்தபோது உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். இறந்தவர் சுமை தூக்கும் தொழிலாளியாக இல்லாமல் வங்கி மேலாளராக இருந்திருந்தால், பழக்கம் இல்லை என்று வீட்டிலேயே இருந்திருப்பீர்களா?

விவிலியத்தில் தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பெந்தக்கோஸ்து விருந்து. சாப்பிட உட்காரும் தோபித்து, ஏழை ஒருவரைக் கூட்டி வா, சேர்ந்து உண்போம் என்று மகனை அனுப்புகிறார். மகனோ, நம் இனத்தான் ஒருவன் கொல்லப்பட்டுச் சந்தையில் கிடக்கிறான் என்ற செய்தியோடு திரும்புகிறான். தகப்பன் உணவில் கை வைக்காமல் எழுந்து ஓடுகிறார். பொழுது சாய்ந்ததும் குழி தோண்டி அடக்கம் செய்கிறார். அண்டை வீட்டார் கேலி செய்கிறார்கள். பிள்ளை சாவுச் செய்தி கொண்டுவந்தால் பெற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் செய்தியைக் கொண்டுவந்தது மகன்தான்.

குழுவில் ஜெபமாலை இல்லை என்ற குறைக்கு வருகிறேன். ஜெபமாலை குடும்பமாக வீட்டில் சொல்ல வேண்டியது. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் என்ன ஓடுகிறது, ஜெபமாலையா, தொடரா? அந்த இயக்கத்தின் வழியே வேறு. நம்மைச் சுற்றி நடப்பதைப் பார், நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கு, பிறகு செயலில் இறங்கு. பெல்ஜியத்தில் 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் கார்டைன் என்ற குரு வகுத்த வழி இது. 1961-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானே தம் சுற்றுமடலில் இதைப் பரிந்துரைத்தார். கார்டைன் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை அந்நியனைப் போலப் பார்த்தார்கள். அந்தக் காயம் ஆறவே இல்லை. தொழிலாளியிடம் தொழிலாளியும் மாணவனிடம் மாணவனும்தான் பேச முடியும் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. பங்குத்தந்தை ஒதுங்கி நிற்பது அதனால்தான்.

எல்லாக் குழுவும் இப்படி இருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வருடம் முழுக்கப் பனியனுக்கு நிறம் தேர்ந்தெடுத்து, கிறிஸ்துமஸ் நடனத்துக்கு ஒத்திகை பார்த்தே கலைகிற குழுக்களைப் பார்த்துச் சலித்திருக்கிறேன். அப்படிப்பட்ட குழு என்றால் நிறுத்துங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். குழுவுக்குப் பொறுப்பான பெரியவர் யார், எப்படிப்பட்டவர் என்று நேரில் போய்த் தெரிந்துகொள்வது உங்கள் கடமை. பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக் கேட்பது கடமையில் சேராது.

கைப்பேசியைத் தவிர வேறு துணை இல்லாதவனுக்கு, தகப்பனை இழந்தவன் பக்கத்தில் இரண்டு இரவு உட்காரத் தெரிந்திருக்கிறது. நண்பன் வேண்டும், பக்தி வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டும் வந்துவிட்டன, அரிசிப் பானையில் ஐந்து கிலோ குறைந்ததும் பதறுகிறீர்கள். நிறுத்தக் கூடாது.

முப்பதாம் நாள் பூசை இன்னும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். முடிந்திருந்தாலும் போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேலை இருக்கிறது என்று அவர் சொன்னால் விடாதீர்கள். அந்த அம்மாவிடம் ஆறுதல் வார்த்தை தேடித் திணற வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இந்த முறை அரிசியை நீங்களே அளந்து கட்டுங்கள்.

வீடு எங்கே என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகனைக் கேளுங்கள்.