கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றனவே?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். ஒரு தாய்க்கோழி 11 குஞ்சு பொரித்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது நான்குதான் மிச்சம். சில பகலில் போயின, சில ராத்திரியில். ரத்தம், இறகு எதுவும் கண்ணில் படவில்லை. எலி மருந்து வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வைக்கலாமா?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: மருந்து வேண்டாம் அம்மா. மேயும் கோழி இருக்கிற இடத்தில் அதை வைத்தால் முதலில் கொத்தப் போவது உங்கள் கோழிதான். செத்த எலியைத் தின்று நாயும் பூனையும் சாகும்.

பகலிலும் போகிறது, ராத்திரியிலும் போகிறது என்றால் திருடன் ஒருவன் இல்லை. பகல் வேலை பெரும்பாலும் காகம், பருந்து, வல்லூறு இந்த மூன்றில் ஒன்று. தூக்கிக்கொண்டு பறந்துவிடுவதால் தடயம் இருக்காது. காகத்திடம் பயம் குஞ்சு சின்னதாக இருக்கும் முதல் சில வாரம்தான். தாய் கிளறிக்கொண்டே முன்னால் போகும்போது பின்தங்கும் குஞ்சைப் பார்த்து வைத்திருக்கும். ஒருமுறை ருசி கண்டால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். பருந்து வானத்தில் வட்டமிடும்போதே தாய் குரல் கொடுத்துக் குஞ்சுகளை ஒதுக்கிவிடும். வல்லூறு அப்படியில்லை. மரத்துக்குள் ஒளிந்திருந்து தாழப் பறந்து வருவதால், தாய் சுதாரிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். உங்களிடம் மிச்சமிருக்கும் நான்கும் இன்னும் அதற்குத் தோதான அளவுதான்.

ஆகவே இன்னும் சில வாரம் வெட்டவெளியில் விடாதீர்கள். பஞ்சாரத்தில் (மூங்கில் கூடை) தாயை மட்டும் கவிழ்த்து வைப்பது போதாது, குஞ்சுகள் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். நாலு கம்பு நட்டு, சுற்றிலும் மேலேயும் பழைய மீன்வலை கட்டி, தாயோடு அதற்குள் விடுங்கள். பின்னால் திறந்து மேய விடும்போது அவரைப் பந்தல், அடர்ந்த செடி என்று ஓடி ஒளிய இடம் வேண்டும். மினுக்கும் ரிப்பன் கட்டுவது சில நாளைக்குத்தான் பலன் தரும், காகம் பழகிவிடும். குஞ்சுக்குச் சாயம் பூசி விடுகிறவர்களும் உண்டு. அதை நம்பி வலையைக் கழற்ற நான் சொல்லமாட்டேன்.

ராத்திரிக் கதை வேறு. கோழி எங்கே அடைகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மண் தரையில் கூடை கவிழ்த்து அடைப்பதாக இருந்தால் பெருச்சாளி அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே வரும். சுவர் ஓரம் புது மண் தள்ளியிருக்கிறதா, வளை வாசலில் இறகோ காலோ கிடக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பாம்பாக இருக்கலாம், முழுசாக விழுங்கிவிடும். நடுராத்திரியில் கோழி கத்தினால் டார்ச் இல்லாமல் கூட்டுக்குள் கை விடாதீர்கள். கீரி பெரும்பாலும் பகலில்தான் நடமாடும். மரநாய் ராத்திரியில் வரும், ஒரே நாளில் பலவற்றைக் கடித்துப் போட்டுவிடும். பூனை என்றால் பெரும்பாலும் இறகு சிதறிக் கிடக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் என் சந்தேகம் பெருச்சாளி அல்லது பாம்பு மேல்தான்.

இரண்டையும் கூட்டி வருவது சிந்திக் கிடக்கும் தீவனம். குருணைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். சாயங்காலம் அடைக்கும் முன் தீவனத் தட்டை எடுத்துவிட்டுத் தரையைக் கூட்டுங்கள். முட்டையையும் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். கூட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கால் வைத்து நிறுத்தி, காலைச் சுற்றித் தகரம் அடியுங்கள். அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, எலியையும் பாம்பையும் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் அதுதான் வேண்டும். பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பாம்பு, கீரி, உடும்பு எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை.

இன்னொன்று. காயமே இல்லாமல் குஞ்சு செத்துக் கிடந்தாலோ, இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நின்றாலோ, அது பெரும்பாலும் வேட்டையாடியின் வேலை இல்லை, நோய். அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து இதுவரை கொடுக்கவில்லை என்றால் அதையும் அங்கேயே கேளுங்கள்.