'ஸ்பெஷல் கிட்' கட்டணம்

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய, 'ஸ்பெஷல் கிட்' என்று தனியாகப் பணம் கேட்டார்களாம். அதில் என்ன தப்பு? டாக்டர், நர்ஸ்களின் பாதுகாப்பையும் பார்க்க வேண்டுமல்லவா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: பார்த்தே ஆக வேண்டும். அந்த 'கிட்'டைப் பிரித்தால் என்ன இருக்கிறது? நனையாத மேலங்கி, கண்ணாடி, முகக்கவசம், இரண்டு ஜோடி கையுறை. ரத்தம் தெறிக்கும் எந்த ஆபரேஷனுக்கும் இவை வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றே காட்டலாம். அந்தச் சீட்டை நம்பி அசட்டையாகக் கத்தி பிடிப்பவருக்கு என்ன பாதுகாப்பு?

ஊசியை மேலங்கி தடுக்காது. ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றில் 30 வரை போகும். அதற்கும் தனி பில் போடுவதா? நோயாளி எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தால் அந்த 3-ம் வெகுவாகக் குறையும்.

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன்: பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் தட்டில் வைத்து எடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும்.

'பாசிட்டிவ்' என்றால் கடைசி கேஸ் என்று தள்ளிவைப்பதும் கொடுமை. ராத்திரியிலிருந்து பட்டினி கிடக்கும் சர்க்கரை நோயாளியைச் சாயங்காலம் வரை காயப் போடுவது எதற்கு? கருவிகளை 121 டிகிரி செல்சியஸில், 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவியால் ஆட்டோகிளேவ் செய்தால் வைரஸ் யாருடையதானாலும் சாகும்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், சிகிச்சையில் பாரபட்சத்தைத் தடை செய்கிறது. பாதுகாப்புச் சாதனமும் தடுப்பு மாத்திரையும் ஊழியருக்குத் தர வேண்டியது நிர்வாகம். அந்தச் செலவை நோயாளி தலையில் கட்டுவது அநியாயம். பில்லைப் பத்திரப்படுத்தி, எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மருத்துவமனையில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். அங்கே நடக்காவிட்டால் மாநில ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். அவசர சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் அவர் உத்தரவிட வேண்டும். வழி கேட்க இலவச எண் 1097.

பாதுகாப்பு என்று நீங்கள் சொன்னபோது டாக்டரும் நர்ஸும் மட்டும் வந்தார்கள். குப்பைப் பையில் தவறிக் கிடக்கும் ஊசி குத்துவது துப்புரவுப் பணியாளரைத்தான். அவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. அது மூன்று தவணை: முதல் ஊசி, அதிலிருந்து 1 மாதத்தில், 6 மாதத்தில். ஒப்பந்த ஆட்களுக்கும் அது உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனைகளில் எத்தனை பேருக்கு மூன்றாவது தவணை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.