மூன்று நாள் வீட்டில் இரு

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத்தான் அதிகமாக சஸ்பெண்ட் செய்கிறார்களாம். தவறு செய்கிற பிள்ளையைத் தண்டிப்பதில் நிறம் எங்கே வந்தது? அங்கே ஆசிரியையாக இருந்தவர் நீங்கள், சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: டெக்சஸில் ஒரு நடுநிலைப் பள்ளியில் 11 ஆண்டுகள் கணக்கு நடத்தினேன். மாணவனைத் துணைத் தலைமையாசிரியரிடம் அனுப்புவதற்கான சீட்டுக் கட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். அதில் 'சொல்லுக்கு அடங்கவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. 13 வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் ஸ்வெட்டர் குல்லாவைத் தலையிலிருந்து இறக்க மறுத்தான். அந்தக் கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். மூன்று நாள் சஸ்பென்ஷன். அதே மாதம் வெள்ளைக்காரப் பையன் ஒருவனும் அதையே செய்தான். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். இரண்டையும் செய்தவள் நான்தான். வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

டெக்சஸில் ஏறக்குறைய 10 லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒழுங்கு நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 சதவீதம் மட்டுமே. மற்றதெல்லாம் என்னைப் போன்றவர்கள் எடுத்த முடிவு. மற்ற 83 காரணிகளைச் சமன்செய்து பார்த்தபோதும், அப்படிப்பட்ட நடவடிக்கைக்குக் கறுப்பின மாணவர் ஆளாகும் வாய்ப்பு வெள்ளை மாணவரைவிட 31 சதவீதம் அதிகம். அப்படி வெளியே அனுப்பப்பட்டவர்கள் அடுத்த ஆண்டே இளம் குற்றவாளிகளுக்கான நீதி அமைப்பில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

பழைய நடத்தைதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய நடத்தைப் பதிவேட்டை எழுதியவர்களும் ஆசிரியர்கள்தானே? என் சீட்டும் அதில் ஒரு தாள்.

அந்த மூன்று நாளும் பையன் எங்கே இருந்தான் தெரியுமா? அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். பகலில் வீட்டில் ஆள் இல்லை. பள்ளியை விட்டுவிட்ட பெரிய பையன்களோடு பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கம் நின்றிருக்கிறான். திரும்பி வந்தபோது நாங்கள் குறை எண்களைக் கூட்டி முடித்திருந்தோம். அவன் நோட்டில் அந்த மூன்று நாளும் வெள்ளைத் தாள்.

பிறகுதான் அம்மாவுக்கு போன் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும். முந்தின இரவு அண்ணன் மெஷினால் தலைமுடியை அங்கங்கே வழித்துவிட்டானாம். வகுப்பில் சிரிப்பார்களே என்றுதான் குல்லாவை இறக்கவில்லை என்றார்.