மீன் விலை தெரிஞ்சதுதான் வினை!

வக்கீல் அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, நான் காசிமேடு, பிளஸ் டூ, டிசம்பர்ல கிளாட் (லா படிக்கச் சேர்றதுக்கான என்ட்ரன்ஸ்) எழுதப் போறேன். இங்கிலீஷ் பாசேஜ் படிச்சா புரியுது, அர்த்தம் கேட்டா கூட சொல்லிடுவேன். ஆனா கேள்விக்கு வந்தா நாலு ஆப்ஷன்ல ரெண்டை அடிச்சிட்டு மீதி ரெண்டுல முழிக்கிறேன், எதைப் போட்டாலும் தப்பு. என் தலையெழுத்தா இது?

பதில்: தலையெழுத்தெல்லாம் இல்லம்மா, உனக்கு விஷயம் நிறைய தெரியுது, அதான் பிரச்சனையே. சிரிக்காத, உன் ஏரியா மேட்டரை வச்சே காட்டுறேன். பரிட்சைல இங்கிலீஷ்ல வரும், நான் தமிழ்லயே ஒரு குட்டி பாசேஜ் எழுதுறேன், படி.

"கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இனப்பெருக்கக் காலத்தில் மீன்களைக் காப்பது இதன் நோக்கம். ஆனால் மற்ற மாதங்களில் குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் வலைகளைக் கட்டுப்படுத்தாவிட்டால், தடையால் கிடைத்த பலன் பெரும்பாலும் கரைந்துவிடும்."

எழுதுனவர் என்ன சொல்ல வர்றார்? அ) தடைக்காலத்தால எந்தப் பலனும் இல்ல. ஆ) தடைக்காலத்துல மீன் விலை ஏறிடும். இ) தடை மட்டும் போதாது, வலையையும் கவனிக்கணும். ஈ) தடை நாளைக் கூட்டினா மீன் வளம் பெருகும்.

காசிமேட்டுப் பொண்ணு நீ, கண்ணு நேரா 'ஆ'-வுக்குதான் போகும், ஏன்னா மே மாசம் வஞ்சிரம் என்ன விலை விக்கும்னு உங்க வீட்ல பேசாத நாள் இருக்காது. நிஜம்தான், ஆனா பாசேஜ்ல விலைங்கற வார்த்தை எங்க இருக்கு, காட்டு? இல்லல்ல. 'அ'-வைப் பாரு, எழுதுனவர் "பெரும்பாலும் கரைந்துவிடும்"னுதான் சொன்னாரு, அப்போ பலன்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் மிச்சமும் நிக்குது, 'எந்தப் பலனும் இல்ல'ன்னு அவர் சொல்லவே இல்ல. 'ஈ' கேக்க நியாயமா இருக்கும், ஆனா அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. மீதி 'இ', சப்புன்னு இருக்கும், சரியான விடை நிறைய நேரம் அப்படி சப்புன்னுதான் இருக்கும்.

கோர்ட்ல ஃபைல்ல இல்லாததைப் பேசினா "அது எங்க இருக்கு, பக்கம் சொல்லுங்க"ன்னு ஜட்ஜ் கேப்பாரு. நீயும் கடைசி ரெண்டு ஆப்ஷன் நிக்கும்போது அதையே கேளு, எந்த வரின்னு விரலை வைக்க முடியலன்னா அடிச்சிடு. கிளாட்ல சட்ட ரூலைக் குடுத்து கேக்கற லீகல் ரீசனிங் பகுதிலயும் இதே கதைதான், அங்க குடுத்த ரூலை வச்சுதான் பதில், யூடியூப்ல பாத்த சட்டத்தை உள்ள கொண்டு வராத. அப்புறம் ஒன்லி, ஆல்வேஸ், நெவர் மாதிரி வார்த்தை ஆப்ஷன்ல இருந்தா சந்தேகப்படு, ஆனா கண்ணை மூடிட்டு அடிக்காத, சில சமயம் பாசேஜே அவ்ளோ அழுத்தமா சொல்லியிருக்கும்.

டைம் பத்தி நீ கேக்கல, ஆனாலும் சொல்றேன். 120 கேள்வி, 120 நிமிஷம், பாசேஜ் ஒண்ணொண்ணும் 450 வார்த்தை கிட்ட இருக்கும், இதுல ஒரு தெரியாத வார்த்தைல மாட்டிக்கிட்டு நின்னா அவ்ளோதான், தாண்டிப் போயிடு, 'பட்', 'ஹவ்எவர்' வர்ற இடத்துல மட்டும் ஸ்லோ பண்ணு, அங்கதான் எழுதுனவர் வாயைத் திறக்குறாரு. தப்புக்கு 0.25 கழிப்பாங்கன்னு பயந்து விட்டுடவும் வேணாம், ரெண்டை ஒழுங்கா அடிச்சிட்டு மீதி ரெண்டுல குத்துமதிப்பா எட்டு கேள்வி போட்டு பாதி சரியானா கூட 3 மார்க் லாபம்.

மாக் டெஸ்ட்ல தப்பாப் போனதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி பக்கத்துல காரணம் போடு, 'பாசேஜ்ல இல்ல', 'ஓவரா பேசுது', 'பாதி சரி பாதி தப்பு' இப்படி. பத்து டெஸ்ட் முடிஞ்சா நீ எங்க வழுக்குறன்னு உனக்கே தெரியும் (உனக்கு முதல் ரகம்தான் ஜாஸ்தி வரும்னு என் கணிப்பு).

கேள்வி: மேடம், கிளாட் எழுதாம வக்கீல் ஆக முடியாதா? பையன் பயப்படுறான். – ஒரு அப்பா, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமா ஆகலாம் சார். கிளாட் நேஷனல் லா யுனிவர்சிட்டிகளுக்கு, நம்ம ஸ்டேட்ல திருச்சில இருக்கறது அதுல ஒண்ணு. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரில அஞ்சு வருஷக் கோர்ஸுக்கு பிளஸ் டூ மார்க்தான், என்ட்ரன்ஸ் கிடையாது. கிளாட் வந்ததே 2008-லதான், அதுக்கு முன்னாடி படிச்ச நாங்க எல்லாம் கருப்பு கோட்டு போடாமலா இருக்கோம்?

கேள்வி: பழைய புக் கடைல அமெரிக்க எல்சாட் (அங்க லா காலேஜ் சேர எழுதற டெஸ்ட்) புக் ஒண்ணு சீப்பா கிடைச்சுது, கிளாட்டுக்கு உதவுமா அக்கா? – வியாசர்பாடி

பதில்: ரீடிங் பகுதிக்கு நல்லாவே உதவும்டா தம்பி. 35 நிமிஷத்துல பாசேஜும் கேள்வியுமா நாலு செட், அதுல ஒரு செட்ல ரெண்டு குட்டி பாசேஜைக் குடுத்து ஒப்பிடச் சொல்லுவான், கிளாட்டை விட கஷ்டம்தான். அங்க அஞ்சு ஆப்ஷன், தப்புக்கு மைனஸ் கிடையாது, அந்த மார்க் கணக்கை மட்டும் இங்க வச்சுக்காத. யாரு பக்கத்துல யாரு உக்காருவாங்கங்கற மாதிரி புதிர் வந்தா நேரம் போக்காம விட்டுடு, அதை அவங்களே 2024 ஆகஸ்ட்ல தூக்கிட்டாங்க. வாங்கும்போது யாராவது விடையை பென்சில்ல குறிச்சு வச்சிருக்காங்களான்னு பாத்தியா? இருந்தா முதல்ல ரப்பர் போட்டு அழி.